எட்டு வழிச் சாலை: சாலை வரலை, வழக்குகள் வந்தன... எடப்பாடி அரசு எங்கே சறுக்கியது?

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை 2018 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட கணக்கு இது: நீளம் 277 கி.மீ., செலவு 10,000 கோடி ரூபாய், பயண நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தச் சாலை ஒரு கிலோமீட்டர்கூட போடப்படலை. ஆனால் அதன் பேரில் கைதுகள் நடந்தன, வழக்குகள் பதிவாயின, வரப்பு ஓரம் எல்லைக் கற்கள் நடப்பட்டன, வருவாய் ஆவணங்களில் நிலத்தின் உரிமையாளர் பெயரே மாறியது.

முதல்வரின் சொந்த மாவட்டத்துக்கு, ஒன்றிய அரசின் பணத்தில் வந்த திட்டம். சாதாரணமாக இப்படி ஒரு திட்டம் வந்தால் ஆளுங்கட்சிக்கு அது தேர்தல் போஸ்டர். எடப்பாடி பழனிசாமி அரசுக்கு மட்டும் அது ஏன் தலைவலியாக முடிந்தது?

சாலை நல்லதா கெட்டதா என்ற விவாதம் தனி. இங்கே பார்க்க வேண்டியது, அந்த விவாதத்தையே நடக்கவிடாமல் செய்த அரசியல் உத்தியை. ஏன்னா சாலை நின்றுபோனாலும், அந்த உத்தி நிற்கலை.

முதல்ல, ஆட்சி வந்த கதை

2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் ஓ. பன்னீர்செல்வம் ராஜினாமா, மெரினா தியானம், கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்கள், சசிகலாவுக்குச் சிறை என்று அடுத்தடுத்து நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 பிப்ரவரி 16-இல் பழனிசாமி முதல்வரானார். 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. திமுக உறுப்பினர்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, 122-க்கு 11 என்ற கணக்கில் அரசு வென்றது.

அதே வருஷம் செப்டம்பரில் டி.டி.வி. தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்களைப் பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். அந்த வழக்கில் 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். தகுதி நீக்கம் செல்லும் என்று மூன்றாவது நீதிபதி முடித்துவைத்தது அக்டோபர் 25-இல்தான்.

அதாவது, முதல் ஒன்றரை வருஷமும் இந்த அரசுக்கு 'நாளைக்கு இருப்போமா' என்ற கவலை இருந்தது. மக்கள் 2016-இல் ஓட்டுப் போட்டது ஜெயலலிதாவுக்கு. பழனிசாமி தன் முகத்தைக் காட்டி ஒரு தேர்தலையும் அதுவரை ஜெயித்திருக்கலை. இப்படி இருக்கிற ஒரு தலைவருக்கு இரண்டு வழி உண்டு. மக்களிடம் போய் நம்பிக்கையைச் சம்பாதிக்கலாம். இல்லையென்றால், கேள்வி கேட்பவர் எல்லாரையும் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவராகப் பார்க்கலாம். எட்டு வழிச் சாலை விஷயத்தில் இரண்டாவதுதான் நடந்தது.

எதிர்ப்பு எதுக்கு?

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்கள். தேவைப்பட்ட நிலம் சுமார் 1,900 ஹெக்டேர். அதில் பெரும்பகுதி விவசாய நிலம், மிச்சத்தில் வனமும் இருந்தது.

சென்னையில் இருந்து பார்த்தால் இது வரைபடத்தில் ஒரு கோடு. அச்சாங்குட்டப்பட்டியிலோ பூலாவரியிலோ நின்று பார்த்தால் வேறு மாதிரி. சேலம் பக்கம் ஆற்றுப் பாசனம் குறைவு, பெரும்பாலும் கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. தென்னை, பாக்கு, மஞ்சள், மரவள்ளி எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணியில்தான். பலருக்கு வீடே தோட்டத்துக்குள். உயர்ந்த மேடை போட்டு நடுவில் சாலை போனால் கிணறு ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம். காகிதத்தில் அரை ஏக்கர் போகும், நடைமுறையில் மொத்த பண்ணையமும் போகும். இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதைவிட, இந்தக் கணக்கு யாரிடம் சொன்னால் கேட்பார்கள் என்பதே அங்கிருந்தவர்களின் கேள்வி.

சாலை வேண்டும் என்பவர்களின் வாதமும் லேசானது இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வருகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு உளுந்தூர்பேட்டை ரூட் எப்படி என்று தெரியும். நான்கு வழியாக வருகிற சாலை, வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழியில் இரண்டு வழியாகச் சுருங்கியதால் நடந்த விபத்துகள் ஏராளம். வாகனம் பெருகுகிறது, விபத்து கூடுகிறது, அதனால் புதுச்சாலை தேவை என்றது அரசு. முதலில் இருக்கிற இரண்டு நெடுஞ்சாலைகளை அகலப்படுத்துங்கள் என்றது எதிர்த்தரப்பு.

உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்வு கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் பேச்சே நடக்கலை.

2018 ஜூன்: அந்த மூன்று நாள்

நில அளவைக்கு வருவாய்த் துறையினர் போலீஸ் பாதுகாப்போடு வந்தார்கள். அதே வாரத்தில் கைதுகள் தொடங்கின.

ஜூன் 17: நடிகர் மன்சூர் அலிகான் சென்னையில் கைது. மே மாதம் சேலத்தில் அவர் பேசிய பேச்சுக்காக. சாலை போட்டால் ஆட்களைக் கொல்வேன் என்ற பொருளில் அவர் பேசியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மே மாதப் பேச்சுக்கு ஜூன் மாதம், சரியாக நில அளவை தொடங்கும்போது ஏன் நடவடிக்கை என்பதற்குப் பதில் இல்லை.

ஜூன் 18: அந்த நிகழ்ச்சி தொடர்பாகவே சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மனுஷ் கைது. சேலத்தில் ஏரிகளைத் தூர்வாரும் வேலைக்காக அறியப்பட்டவர்.

ஜூன் 19: அச்சாங்குட்டப்பட்டியில் மக்களைச் சந்திக்கப் போன ஒரு மாணவி கைது. இதே மாணவி, பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காக 2017 ஜூலையில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர். அந்த ஆணையை அதே வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடியிசம் போன்றவற்றைத் தடுக்க வந்தது. இதில் அடைத்தால் வழக்கு விசாரணை இல்லாமலேயே 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம், வழக்கமான ஜாமீனும் கிடையாது. துண்டுப் பிரசுரத்துக்கு இது!

அதோடு முடியலை. செப்டம்பர் 8-இல் விவசாயிகளைச் சந்திக்கத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த யோகேந்திர யாதவை வழியிலேயே போலீஸ் தடுத்துப் பிடித்துவைத்தது. தேசிய அளவில் அறியப்பட்ட ஒருவர் வயலுக்குப் போய்ப் பேசக்கூட முடியலை என்றால், வயலில் இருப்பவர் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து எப்படிப் பேசுவார்?

எதிர்ப்பவர்கள் கொஞ்சம் பேர், அவர்களையும் வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள் என்பதே அரசுத் தரப்பின் வாதமாக இருந்தது. கொஞ்சம் பேர்தான் என்றால் அவர்களோடு பேசுவது சுலபம் இல்லையா? அத்தனை போலீஸ் எதுக்கு?

சாலையும் போலீஸும் ஒரே மேசையில்

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. பழனிசாமி 2011-இலிருந்தே நெடுஞ்சாலைத் துறை அமைச்சர். முதல்வரான பிறகும் அந்தத் துறையைக் கையிலேயே வைத்திருந்தார். காவல் துறையும் முதல்வர் வசம்.

சாலையைப் போடுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையம்தான். ஆனால் நிலம் எடுத்துத் தருவதும், பாதுகாப்பு தருவதும் மாநில அரசு. சாலைத் திட்டத்துக்காகப் பேசுகிற துறை, அதை எதிர்ப்பவரை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற துறை, இரண்டின் கோப்பும் ஒரே மேசைக்குப் போனது. 'கொஞ்சம் பொறுங்கள், முதலில் பேசுவோம்' என்று சொல்ல அமைச்சரவையில் வேறு ஆள் இல்லை. முதல்வர்கள் துறைகளைக் குவித்துக்கொள்வது தமிழ்நாட்டில் புதுசு இல்லை. அதன் விலை என்ன என்பதைக் கண்ணெதிரில் காட்டியது சேலம்.

'டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்'

இவ்வளவு அதிகாரம் கையில் இருந்த தலைவர், பொறுப்பு என்று வந்தபோது என்ன செய்தார்? 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக முதல்வர் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது, அந்தப் பதில் உடைந்தது. தலைமைச் செயலர், டிஜிபி, உளவுத் துறை அதிகாரி ஆகியோர் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றது ஆணையம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான நோய் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2019 டிசம்பரில் காடுகள் பற்றி எரிந்தபோது, பழமைவாதக் கூட்டணி அரசின் பிரதமர் ஸ்காட் மாரிசன் ஹவாயில் விடுமுறையில் இருந்தார். கேட்டதற்கு, தண்ணீர்க் குழாயைப் பிடிக்கிற வேலை என்னுடையது இல்லை என்கிற ரீதியில் பதில் சொன்னார். அதே மாரிசன் 2020, 2021-இல் ஐந்து அமைச்சர் பதவிகளைச் சத்தமில்லாமல் தன் பெயரிலும் எழுதிக்கொண்டது 2022-இல் வெளியே வந்தது. சக அமைச்சர்கள் சிலருக்கே தெரியாது!

அதே அரசு எல்லைப் பாதுகாப்பை ஓட்டாக மாற்றப் பார்த்ததில் மாட்டியவர்கள் தமிழர்கள். குயின்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சின்ன ஊரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு சின்னக் குழந்தைகளோடு அந்தக் குடும்பம் பின்னர் கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டது. 2022 மே 21 வாக்குப்பதிவு நாளன்று, இலங்கையிலிருந்து வந்த படகு ஒன்றை மறித்த செய்தி அவசரமாக வெளியிடப்பட்டு, அதையே காட்டி ஓட்டுக் கேட்டு லிபரல் கட்சி வாக்காளர்களின் போனுக்கு மெசேஜ் அனுப்பியது. தோற்றது. அடுத்த மாதமே அந்தக் குடும்பம் பிலோயலாவுக்குத் திரும்பியது. அவர்களுக்காக விடாமல் குரல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள்.

அதிகாரம் எல்லாம் என்னிடம், பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் வேறு யாரிடமோ. கேன்பராவிலும் கோட்டையிலும் இந்த அரசியல் ஒரே மாதிரிதான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2019 ஏப்ரல் 8-இல், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முக்கியம் என்றது, நிலத்தை உரிமையாளர்கள் பெயருக்கே மாற்றச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் பாமகவின் அன்புமணி ராமதாஸ். அந்த நேரத்தில் பாமக அதிமுகவின் கூட்டணிக் கட்சி! தீர்ப்புக்குப் பிறகு சேலத்துக்குப் பிரசாரத்துக்கு வந்த நிதின் கட்கரி, திட்டம் நிறைவேற்றப்படும் என்று கூட்டணி மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நில எடுப்புக்குப் படிகள் உண்டு. 'இந்த நிலம் தேவை' என்று சொல்வது 3ஏ அறிவிக்கை. அதன் பிறகு ஆட்சேபம் சொல்ல 21 நாள். கடைசியில் 3டி அறிவிக்கை வந்தால்தான் நிலம் அரசுக்குப் போகும். 3ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கத் தேவையில்லை, அறிவிக்கை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நடைமுறை முடியும் முன்பே வருவாய் ஆவணங்களில் பெயர் மாற்றியதை அதுவும் ஏற்கலை. பழைய பெயர்களே திரும்ப வர வேண்டும் என்றது.

அரசுக்கு ஆதரவான பகுதி இருந்த தீர்ப்பிலும் தப்பாத குற்றம் இது. நிலம் இன்னும் அரசுடையது ஆகலை, அதுக்குள்ள பேர் மாத்தியாச்சு. பேர் மாறினால் அந்த நிலத்தை வைத்துக் கடன் வாங்க முடியாது, விற்க முடியாது. பெண்ணின் கல்யாணத்துக்கு, பையனின் படிப்புக்கு என்று நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

விவசாயி முதல்வர், இரண்டு விதமான நிலம்

சிலுவம்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த பழனிசாமி தன்னை எப்போதும் 'விவசாயி' என்றே அறிமுகப்படுத்திக்கொள்வார். 2020 பிப்ரவரி 9-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். நல்ல முடிவு, சட்டமும் அதே மாதம் நிறைவேறியது. அதை அவர் அறிவித்த இடம் சேலம் மாவட்டத்தின் தலைவாசல். அதே மாவட்டத்து விவசாயிகள் தங்கள் நிலத்துக்காக அப்போது உச்ச நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

நாமக்கல் பக்கம் இதே காலத்தில் வேறொரு போராட்டம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்பாதைக்காக விளைநிலங்களில் உயர்மின் கோபுரங்கள். சாலை ஓரமாகக் கேபிளைப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்று கேட்டு 2018 டிசம்பரில் மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். கோபுரம் நிற்கும் இடத்தை விலைக்கு எடுக்காமலேயே கோபுரம் நட, 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் வழிவிடுகிறது. அப்போது மின்துறை அமைச்சராக இருந்தவர் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தின் தங்கமணி. முதல்வர் சேலம், அமைச்சர் நாமக்கல். அதிகாரம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் விவசாயிக்குக் காது கிடைக்கலை.

அப்புறம் எப்படி சேலத்தில் ஜெயிச்சாங்க?

நியாயமான கேள்வி. 2019 மக்களவைத் தேர்தலில் சேலம், நாமக்கல் இரண்டையும் அதிமுக கூட்டணி இழந்தது. தமிழ்நாடு முழுக்கக் கிடைத்தது தேனி மட்டும். ஆனால் கூடவே நடந்த 22 இடைத்தேர்தல்களில் 9 இடங்களைப் பிடித்து ஆட்சி தப்பியது.

2021 சட்டமன்றத் தேர்தலில் கதை பிரிகிறது. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்கு. எடப்பாடியில் பழனிசாமி 93,802 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பக்கத்து நாமக்கல்லில் 6-க்கு 4 திமுக அணிக்குப் போனது. மாநிலத்தில் ஆட்சி போனது.

சேலத்து வெற்றிக்குக் காரணங்கள் உண்டு. 'நம்ம ஊர் முதல்வர்' என்ற உணர்வு நிஜம். பாமக கூட்டணி பெரிய பலம். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 26 அன்றே வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம். போதிய தரவு இல்லாமல் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு சமூகத்தின் நீண்ட கோரிக்கை, அவசரத்தில் எழுதப்பட்டதால் நீதிமன்றத்தில் நிற்கலை.

ஆக, உள்ளூரில் ஓட்டு கிடைத்தது உண்மை. அதை வைத்து 'போலீஸை அனுப்பியது சரி' என்று முடிவு கட்ட முடியாது. நான்கு வருஷம் கேட்காமல் இருந்துவிட்டு நான்கு வாரத்தில் கொடுத்துச் சரிக்கட்டுவது தேர்தலுக்கு உதவலாம், ஆட்சி நடத்த உதவாது.

அடுத்து வந்தவர்கள் மட்டும்?

திமுக அரசு 2021-இல் எட்டு வழிச் சாலை உள்ளிட்ட போராட்டங்கள் தொடர்பான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பாராட்டலாம். ஆனால் 2022-இல் பொதுப்பணித் துறை அமைச்சர் எ.வ. வேலு, எட்டு வழிச் சாலைக்குத் திமுக எதிரி இல்லை, விவசாயிகளிடம் பேசச் சொன்னோம், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்ட குரல் வேறு.

அதைவிட மோசம், 2023 நவம்பர். திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்த பிறகு 6 பேர் மீதான ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே மாவட்டம், அதே நிலப் பிரச்சினை, அதே சட்டம். கட்சிக்கொடி மட்டும் மாறியிருந்தது.

எடப்பாடி அரசின் உத்தியை விமர்சிக்க வேண்டியதன் காரணமே இதுதான். ஒரு அரசு தவறான வழியைக் காட்டி, அதற்கான விலையைக் கொடுக்காமல் தப்பினால், அடுத்த அரசுக்கு அது வழக்கமான நடைமுறை ஆகிவிடுகிறது.

என்ன கேட்கணும்?

விமான நிலையம், சிப்காட், புறவழிச்சாலை என்று அடுத்தடுத்து நிலம் தேவைப்படும். எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்க வேண்டியவை சில உண்டு.

நில எடுப்பை எதிர்ப்பவர் மீது குண்டர் சட்டம் கூடாது. வன்முறை நடந்தால் சாதாரணச் சட்டங்களே போதும். சுற்றுச்சூழல் ஆய்வின் முடிவு, கல் நடுவதற்கு முன்பே தமிழில், ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால், 2013 நில எடுப்புச் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. அந்த விலக்கு ஏன் இன்னும் இருக்கு என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கணும். ஆட்சேபத்துக்கான 21 நாள், பெயருக்கு மனு வாங்கிப் போடும் 21 நாளாக இருக்கக் கூடாது.

சேலத்துக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. அப்படி ஆசைப்படுகிறவரும், கிணறு போய்விடும் என்று பயப்படுகிறவரும் பல வீடுகளில் மகனும் அப்பாவுமாக இருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசுவது ஒரு முதல்வரால் முடிகிற காரியம்தான். அதற்குப் பதில் போலீஸ் வேனை அனுப்பியதில் அப்பாவுக்கு வழக்கு மிஞ்சியது, மகனுக்குச் சாலையும் கிடைக்கலை.